நனையாத ரொட்டி

லமாரா விடுமுறை என்று சொன்னபோதே உதவியாளன் ஜும்பர் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். ஜார்ஜியத் தலைநகர் திபிலிஸியில் துப்பறியும் அலுவலகம் நடத்துகிறவர். ஞாயிற்றுக்கிழமைகூட வீட்டில் உட்காராதவர். அப்படிப்பட்டவர் திடீரென்று, "வா, ககேத்திப் பக்கம் போய் நல்ல ஒயினா குடிச்சிட்டு, ஒரு வேலையும் பாக்காம வரலாம்" என்றால் அதில் ஏதாவது இருக்க வேண்டும்.

இருந்தது. மழை.

அவர்கள் ஊர் எல்லையைத் தாண்டியபோது பிடித்த மழை இன்னும் விட்டபாடில்லை. திராட்சைத் தோட்டங்கள், அலஸானி ஆறு, அதற்கு அப்பால் மலை என்று எல்லாமே ஒரே சாம்பல் நிறமாகியிருந்தன. வாஸிஸ்தாவி கிராமத்து விடுதியின் மாடியறையில் ஒழுகாத இடம் ஒன்றே ஒன்றுதான். அதில் லமாரா நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். ஜும்பர் மற்ற இடங்களில் பாத்திரம் வைத்துக்கொண்டிருந்தான்.

"அக்கா, இதுக்குப் பேரு விடுமுறைன்னா ஆபீஸ்ல தர்றது என்ன?"

"அந்தச் சின்னக் கிண்ணத்தை இன்னும் கொஞ்சம் இடது பக்கம் தள்ளு."

விடுதிக்காரப் பெண் இயா தேநீர் கொண்டுவந்தாள். வைத்துவிட்டுப் போகவில்லை. இடுப்பில் கட்டியிருந்த துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றாள். முப்பது வயதுகூட இருக்காது. அழுது முடித்த முகம்.

"நீங்க துப்பறியறவங்களாமே."

"யாரு சொன்னா?"

"உங்க காரோட பின் கண்ணாடியில ஒட்டியிருக்கு."

லமாரா ஜும்பரைத் திரும்பிப் பார்த்தார்.

"விளம்பரம் பத்தலன்னு நீங்கதானேக்கா சொன்னீங்க" என்றான் ஜும்பர், கிண்ணத்தைப் பார்த்தபடி.

இயா உட்காராமலே சொல்லிவிட்டாள். அவள் தம்பி வாஜா, இந்த ஊரிலேயே பெரிய ஒயின்காரரான ஒத்தாரிடம் வேலை பார்க்கிறான். போன வாரம் ஒத்தாருக்கும் அவனுக்கும் ஒயின் கொட்டகை வாசலில் சண்டை. "ஆத்துல முக்கி எடுத்துடுவேன்" என்று வாஜா கத்தியதைத் தெருவே கேட்டது. மறுநாள் ஒத்தாரின் வண்டி வெள்ளத்தில் பக்கவாட்டில் கவிழ்ந்து கிடந்தது. ஒத்தாரைக் காணவில்லை. போலீஸ் வாஜாவைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"உடம்பு கிடைச்சுதா?" என்றார் லமாரா.

"இல்லை. ஆறு எங்கயோ இழுத்துட்டுப் போயிருக்கும்கிறாங்க. நாளைக்கு வாஜாவை திபிலிஸி ஜெயிலுக்கு மாத்தறாங்க. அங்க போயிட்டா கொலைக் கேஸ்தான். அவன் ஒரு கோழியைக்கூட வெட்ட மாட்டான் மேடம். நான்தான் வெட்டணும்."

"சண்டை எதுக்கு?"

"அதைத்தான் சொல்ல மாட்டேங்கறான். 'அது எனக்கும் முதலாளிக்கும் நடுவுல'ங்கறான். போலீஸ்கிட்டயும் அதே பாட்டு. அடிச்சுக் கேட்டாலும் அதே பாட்டு."

லமாரா தேநீரை ஒரே மடக்கில் குடித்தார். நாற்காலியை விட்டு எழுந்தார். அந்த ஒரே காய்ந்த இடத்தை ஜும்பர் உடனே பிடித்துக்கொண்டான்.

"எழுந்திரு. சாப்பிடப் போகலாம்."

"எங்க?"

"ஒத்தார் வீட்டுக்கு."

"கூப்பிடலையே?"

"வாசல்ல நனைஞ்சுக்கிட்டு நின்னா கூப்பிடுவாங்க. ககேத்தியில அதுகூடத் தெரியலன்னா நீ எதுக்கு ஜார்ஜியாக்காரன்?"

*

கூப்பிட்டார்கள். கூப்பிட்டது ஒத்தாரின் அண்ணன் பத்ரி. கதவு அளவுக்கு அகலமான மனிதர். "மழையில நிக்கற விருந்தாளியை உள்ள விடாதவன் மனுஷனா?" என்று அவர்களைத் தோளோடு அணைத்து உள்ளே தள்ளிக்கொண்டு போனார். இரண்டு பேர் வந்ததற்குப் பத்துப் பேர் சாப்பாடு மேசையில் ஏறியது. திராட்சைக் குச்சி நெருப்பில் சுட்ட பன்றிக்கறி, பாலாடைக்கட்டி உருகி வழியும் கச்சாபுரி, வால்நட் அரைத்துப் பூசிய கத்திரிக்காய், அடுப்பிலிருந்து அப்போதுதான் எடுத்த நீள ரொட்டி.

ஒத்தாரின் மனைவி சியாலா கறுப்பு உடையில் இருந்தாள். அவள் தட்டுகளை வைத்தாள், எடுத்தாள், யார் கண்ணையும் பார்க்கவில்லை. ஒத்தார் பேச்சு வந்தபோதெல்லாம் "ஒத்தார் வரல" என்று மட்டும் சொன்னாள். சுவரில் ஒத்தாரின் படம் இருந்தது. படத்தில் முகத்தைவிட மீசை அதிகம்.

பத்ரிதான் தமாதா. விருந்தில் கோப்பையைத் தூக்கிப் பேச ஒருவர் வேண்டும், அந்த வேலைக்கென்றே அவர் பிறந்திருந்தார். கடவுளுக்கு ஒரு கோப்பை, நாட்டுக்கு ஒரு கோப்பை, விருந்தாளிகளுக்கு ஒரு கோப்பை. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிரசங்கம். ஜும்பர் பிரசங்க நேரத்தில் கறியையும் மற்ற நேரத்தில் கச்சாபுரியையும் கவனித்தான்.

பிறகு பத்ரியின் குரல் உடைந்தது.

"இது போனவங்களுக்கு. என் அப்பாவுக்கு. அப்புறம்..." சுவரிலிருந்த படத்தைப் பார்த்தார். "என் தம்பி ஒத்தாருக்கு."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். செத்தவர்களுக்கான இந்தக் கோப்பையை யாரும் யாரோடும் இடித்துக்கொள்வதில்லை. அவரவர் தட்டிலிருந்த ரொட்டி மேல் கொஞ்சம் ஒயினை ஊற்றிவிட்டு, பெயரை முணுமுணுத்துவிட்டுக் குடித்தார்கள். பத்ரி பாதிக் கோப்பையை ஊற்றிவிட்டார். சியாலாவும் தன் கோப்பையைச் சாய்த்தாள், உதடு அசைந்தது, கண்ணில் நீர் வந்தது. அடுத்த நொடி அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று உள்ளே போய்விட்டாள்.

லமாரா அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் திரும்பியபோது ஜும்பரின் கை சியாலாவின் தட்டிலிருந்து வாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. மேசைக்கு அடியில் அவன் முழங்காலில் ஒரு உதை விழுந்தது.

*

"துக்க வீட்டுல, அதுவும் புருஷனைப் பறிகொடுத்தவ தட்டுலேர்ந்து ரொட்டியை எடுத்துத் திங்கறியே, உனக்கு வெக்கமா இல்ல?"

காருக்குள் உட்கார்ந்திருந்தார்கள். மேற்கூரையின் ஓட்டை வழியாக மழை ஜும்பரின் இடது காதில் சொட்டியது.

"என் ரொட்டி கூழாயிடுச்சுக்கா. எங்க தாத்தா, பெரியப்பா, என்னைப் பாஸ் போட்ட கணக்கு வாத்தியார், எல்லாருக்கும் ஊத்தினேன். உங்க ரொட்டியும் கூழ். பத்ரியோடது குளமாயிடுச்சு. அந்தம்மாவோடது ஒண்ணுதான் மொறுமொறுன்னு இருந்துச்சு."

அவன் சாவியைத் திருப்பினான். லமாரா கையை நீட்டித் திரும்ப அணைத்தார்.

"என்ன சொன்ன?"

"மொறுமொறுன்னு..."

"ஒரு சொட்டுக்கூட இல்லையா?"

"காஞ்ச ரொட்டிக்கா. நான் தின்னவன், எனக்குத் தெரியாதா? பாவம், சோகத்துல கை தவறியிருக்கும்."

"கோப்பையைச் சாய்ச்சா. நான் பாத்தேன். உதட்டை அசைச்சா, கண்ணீர் விட்டா. எல்லாம் செஞ்சா, ஊத்தறதை மட்டும் செய்யல."

"அப்ப அவதான் கொன்னுட்டா. குத்த உணர்ச்சி."

"கொன்னவளா இருந்தா நாலு சொட்டு கூடவே ஊத்தியிருப்பா, எல்லாரும் பாக்கற மாதிரி." லமாரா கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தார். "ஜும்பர், இப்ப உன் பெண்டாட்டி பேரைச் சொல்லி ரொட்டியில ஒயின் ஊத்துன்னா ஊத்துவியா?"

ஜும்பர் அவசரமாக மூன்று முறை சிலுவை போட்டுக்கொண்டான். ஜன்னலை இறக்கித் துப்பினான். "நல்ல வார்த்தையே வராதா உங்க வாயில? அவ அங்க உயிரோட குத்துக்கல்லாட்டம்..."

அவன் வாய் திறந்தபடியே நின்றது.

"அதேதான்" என்றார் லமாரா. "கறுப்புத் துணி கட்டிக்கலாம். போலீஸ் முன்னாடி அழலாம். உயிரோட இருக்கற புருஷனுக்கு ரொட்டியை நனைக்க மட்டும் எந்தப் பொம்பளைக்கும் கை வராது. இன்னொண்ணு கவனிச்சியா? வந்ததுலேர்ந்து 'ஒத்தார் வரல'ன்னுதான் சொன்னா. செத்துட்டான்னு ஒரு தடவைகூடச் சொல்லல."

"அடப்பாவி. அப்ப அவன் எங்க?"

வீட்டின் பின்கதவு திறந்தது. சியாலா வெளியே வந்தாள். சால்வைக்குள் எதையோ குழந்தையைப் போல அணைத்திருந்தாள். தெருமுனையில் திபிலிஸி மினிபஸ் நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் இறங்கி வந்து வாங்கிக்கொண்டபோதுதான் தெரிந்தது, அது ஒரு பிளாஸ்டிக் கேன். ஓட்டுநர் அதை ஒரு கூடைக் கோழிக்கும் ஒரு பானைத் தயிருக்கும் நடுவில் வைத்தார்.

"திபிலிஸிக்கு ஒயின் போகுது" என்றார் லமாரா. "அந்தக் கேனை விடாதே."

"டிரைவரையே கேட்டுடலாமே?"

"கேட்டா, நாம வண்டியைத் திருப்பறதுக்குள்ள விஷயம் சியாலா காதுக்குப் போயிடும். அதோட பத்ரி காதுக்கும்."

*

மலைப்பாதையில் மூடுபனி. முன்னால் போன மினிபஸ்ஸின் சிவப்பு விளக்கு தெரிவதும் மறைவதுமாக இருந்தது. ஜும்பர் தலையை வெளியே நீட்டித்தான் ஓட்ட வேண்டியிருந்தது. ஆனால் வாயை மூடவில்லை.

"இன்சூரன்ஸ்க்கா. செத்த மாதிரி நடிச்சு, பணத்தை வாங்கிட்டு, புருஷனும் பெண்டாட்டியும் வெளிநாடு. நூத்துக்கு நூறு."

"கேன்ல ஒயின் எதுக்கு?"

"ககேத்திக்காரன் அடுத்தவன் ஒயினைக் குடிப்பானா? ஒளிஞ்சிருந்தாலும் வீட்டு ஒயின்தான்."

"சரியாத்தான் சொல்ற" என்றார் லமாரா. அவர் இப்படிச் சொன்னாலே ஜும்பருக்குச் சந்தேகம் வந்துவிடும். கடைசியில் அது சரியாக இருந்ததே இல்லை.

திபிலிஸியிலும் அதே மழைதான், நகரத்துக்கு ஏற்றபடி கொஞ்சம் அழுக்காக. இஸானி மெட்ரோ பக்கத்தில் மினிபஸ் நின்றது. பொட்டலங்கள் ஒவ்வொன்றாக இறங்கின. கோழியை ஒரு மாணவன் வாங்கினான். தயிரை ஒரு நர்ஸ் வாங்கினாள். கேனை வாங்க யாரும் வரவில்லை. ஓட்டுநர் அதை நிழற்குடையின் பெஞ்சில் வைத்துவிட்டுச் சிகரெட் பற்றவைத்தார்.

"நீ போய் பெஞ்சுல உக்காரு" என்றார் லமாரா. அவர் கின்காலிக் கொழுக்கட்டைக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் நின்றுகொண்டார்.

"நீங்க சூடா உள்ள, நான் வெளியவா?"

"உன் மூஞ்சியைப் பாத்தா பஸ்ஸுக்குக் காத்திருக்கறவன் மாதிரியே இருக்கு."

ஜும்பர் போய் உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் கம்பளிக் குல்லாய் போட்ட ஒரு ஆள் வந்து ஓட்டுநருக்குத் தலையாட்டிவிட்டுக் கேனுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். மீசை இல்லை. ஜும்பர் ஏமாந்து முகத்தைத் திருப்பப் போனான். அப்போதுதான் கவனித்தான். வெயிலில் கறுத்த முகத்தில், மூக்குக்குக் கீழே மட்டும் ஒரு பட்டை வெள்ளையாக இருந்தது. படத்தில் அந்த இடத்தில்தான் மீசை இருந்தது.

செத்தவன் கேனின் மூடியைத் திருகித் திறந்தான்.

குடிப்பான் என்று ஜும்பர் நினைத்தான். அவன் குடிக்கவில்லை. கேனின் வாயில் மூக்கை வைத்தான். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். நிறுத்தினான். மறுபடியும் இழுத்தான். ஜும்பருக்கு இரண்டு கை தூரத்தில் இருந்தபோதே கண்ணில் நீர் வந்துவிட்டது. பக்கத்தில் சூரியகாந்தி விதை விற்ற பெண்மணி முகத்தைச் சுளித்துக்கொண்டு ஸ்டூலைத் தள்ளிப் போட்டாள். அந்த ஆள் மட்டும் பூவை முகர்வது போல முகர்ந்துகொண்டே இருந்தான். பிறகு மூடியில் கொஞ்சம் ஊற்றி நாக்கில் வைத்தான். தலையை மெதுவாக ஆட்டிக்கொண்டான். தோள் இரண்டும் தொங்கின.

லமாரா எப்போது வந்தார் என்று ஜும்பருக்குத் தெரியவில்லை. கேனைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு நடுவில் உட்கார்ந்தார்.

"ஒத்தார், உங்களுக்கு எப்பலேர்ந்து வாசனை தெரியல?"

அவன் ஓட முயலவில்லை. மூடியைத் திருகினான். அது கோணலாகத்தான் உட்கார்ந்தது.

"யாரு நீங்க?"

"விடுமுறைக்கு வந்தவங்க. அதுல இருக்கறது ஒயின் இல்ல, வினிகர். என் ஆளு அங்கேர்ந்தே அழுதுட்டான்."

"மழைத் தண்ணி" என்றான் ஜும்பர் கண்ணைத் துடைத்தபடி.

ஒத்தார் தரையைப் பார்த்தான். "குளிர்காலத்துல காய்ச்சல் வந்துச்சு. காய்ச்சல் போறப்ப மூக்கையும் கூட்டிட்டுப் போயிடுச்சு. ரோஜாவும் ஒண்ணுதான், எருவும் ஒண்ணுதான். ஒயின்காரனுக்கு மூக்கு போச்சுன்னா வேற என்னங்க மிச்சம்? பொழைப்பை விடுங்க. எங்கப்பா ஒரு தடவை மோந்து பாத்துட்டு எந்தச் சரிவுல வெளைஞ்ச திராட்சைன்னு சொல்லுவாரு. நான் அவரோட புள்ள." அவன் பெருமூச்சு விட்டான். "இங்க ஒரு டாக்டர் மூக்குக்குள்ள மருந்து விடறாரு. மீசையை எடுன்னாரு, எடுத்தேன். சியாலா தினமும் மண்ணுல புதைச்ச மூணாவது ஒயின் தாழியிலேர்ந்து கொஞ்சம் அனுப்புவா. என்னிக்காவது வாடை தெரியுதான்னு பாக்கறேன்."

"இன்சூரன்ஸ் இல்லையா?" ஜும்பரின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

"வாஜாவோட சண்டை?" என்றார் லமாரா.

ஒத்தார் முதல் முறையாகச் சிரித்தான். "அவன்தான் கண்டுபிடிச்சான். மூணாவது தாழி புளிச்சுப் போச்சு முதலாளின்னான். நான் மண்டி போட்டு மோந்து பாத்துட்டு, இதைவிட அருமையா வந்ததே இல்லடான்னேன். அவன் என்னைப் பாத்த பார்வை... அப்புறம் ஒரே கத்தல். டாக்டர்கிட்ட போறியா இல்ல ஆத்துல முக்கி எடுக்கட்டுமான்னு. ரெண்டாவது பாதிதான் தெருவுக்குக் கேட்டிருக்கும். நான் கெளம்பினதே அவனாலதான். ஊர்ல யாரும் பாக்கக் கூடாதுன்னு வண்டியை ஆத்தோரமா விட்டுட்டு, நடந்து போய் பஸ் பிடிச்சேன்."

"அந்த வண்டி வெள்ளத்துல போயிடுச்சு. வாஜா லாக்கப்ல இருக்கான்."

"எதுக்கு?"

"உங்களைக் கொன்னதுக்கு."

ஒத்தார் சட்டைப் பையிலிருந்து ஒரு மலிவான போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டான். அவன் "ஏன் என்கிட்ட சொல்லல?" என்று கேட்டதுதான் தாமதம், சியாலாவின் குரல் பெஞ்ச் முழுக்கக் கேட்டது.

"நீதானேய்யா செயின்ட் ஜார்ஜ் படத்து மேல சத்தியம் வாங்கின! யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னு! ஊரே வந்து கறுப்பை மாட்டி விட்டுட்டுப் போச்சு, நான் என்ன செய்ய? உன்கிட்ட சொன்னா பாதி வைத்தியத்துல ஓடி வருவ!"

"அண்ணன்கிட்டயாவது..."

"உங்கண்ணன்கிட்டயா? அடுத்த கோப்பையிலயே உன் மூக்குக்கு ஆரோக்கியம்னு ஊருக்கே சொல்லிடுவாரு!"

"வாஜா என்ன ஆவான் சியாலா?"

குரல் இறங்கியது. "தினமும் சோறு கொண்டு போறேன். அவனுக்கு எல்லாம் தெரியும். சொல்லாதீங்கக்கா, சனிக்கிழமை டாக்டர் முடிச்சிடுவாரு, அதுவரைக்கும் தாங்குவேன்னான். சனிக்கிழமைக்கு முன்னாடியா மாத்தறாங்க?"

"நாளைக்கு" என்றார் லமாரா போனை நோக்கி.

ஒத்தார் போனை மடக்கிக் கேனைத் தூக்கிக்கொண்டு எழுந்தான்.

"கார் எங்க?"

வண்டி மலையேறும்போது பின்சீட்டிலிருந்து ஒத்தார் மெதுவாகக் கேட்டான். "இவ்வளவு நாள் ஒரு பொம்பளை வீட்டுல இருந்தேன்னு சொல்லிக்கலாமா? சியாலா ஒத்துக்குவா."

"உங்களுக்கு மூக்கு இல்லன்னு சொல்றதைவிட வைப்பாட்டி இருக்கான்னு சொல்றது பரவாயில்லையா?" என்றான் ஜும்பர்.

"ககேத்தியிலயா? அதைக் கேக்கணுமா?"

*

காவல் நிலையத்துக்குள் ஒத்தார் நுழைந்தபோது இன்ஸ்பெக்டர் எழுந்த வேகத்தில் தேநீர் மேசை முழுக்க ஓடியது. சியாலா முன்பே வந்திருந்தாள். இயாவும் வந்திருந்தாள். எப்படியோ தெரிந்துகொண்டு பத்ரியும், அவர் பின்னால் பாதித் தெருவும் வந்திருந்தது. பத்ரி தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதார், பிறகு பளாரென்று ஒன்று வைத்தார்.

"உனக்கு ரொட்டியை நனைச்சேனேடா பாவி!"

ஒத்தார் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன் திபிலிஸிப் பெண்மணியைப் பற்றிச் சொன்னான். கூட்டத்தில் நாலைந்து ஆண்கள் மரியாதையோடு பார்த்தார்கள். சியாலா கோபப்பட மறந்துபோய், ஞாபகம் வந்து கோபப்பட்டாள்.

"நல்லது. கொலை இல்ல" என்றார் இன்ஸ்பெக்டர், தேநீரை ஒற்றி எடுத்தபடி. "ஆனா மிரட்டல் இருக்கே. ஆத்துல முக்குவேன்னு சொன்னதுக்குத் தெருவே சாட்சி. அவனும் காரணம் சொல்ல மாட்டேங்கறான். ஒரு வாரம் உள்ள வெச்சிருக்கேன், மேலிடத்துக்கு நான் என்ன பதில் சொல்றது? மிரட்டல் கேஸ்ல நாளைக்கு அனுப்பித்தான் ஆகணும்."

இயா சுவரில் சாய்ந்துகொண்டாள்.

கம்பிக்குப் பின்னால் ஒரு ஒல்லியான இளைஞன் நின்றுகொண்டிருந்தான். கண்ணுக்குக் கீழே கறுப்பு. அவன் ஒத்தாரைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியுமாக ஆட்டினான். சொல்லாதீங்க என்று.

ஜும்பர் ஏதோ சொல்ல வாயெடுத்தான், லமாரா அவன் கையைப் பிடித்து நிறுத்தினார்.

ஒத்தார் அண்ணனைப் பார்த்தான். தெருக்காரர்களைப் பார்த்தான். இதில் பாதிப் பேர் அவனிடம் ஒயின் வாங்குகிறவர்கள், மீதிப் பேர் அவனோடு போட்டி போடுகிறவர்கள். கேனை இன்ஸ்பெக்டரின் மேசை மேல் வைத்தான். மூடியைத் திறந்தான்.

சின்ன அறை. ஜன்னலெல்லாம் மழைக்கு மூடியிருந்தது. புளித்த நெடி ஒரு நொடியில் சுவர் வரை போனது. இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை எடுத்தார். பத்ரிக்கு இருமல் வந்தது. எல்லா முகமும் ஒரே மாதிரி சுருங்கியது.

"உங்க எல்லாரோட மூஞ்சியும் சுளிக்குது" என்றான் ஒத்தார். அவன் கேனுக்கு நேர் மேலே முகத்தை வைத்திருந்தான். "எனக்கு ஒண்ணுமே தெரியல. மூக்கு செத்துப் போச்சு. பொம்பளையும் இல்ல, ஒண்ணும் இல்ல, ஆஸ்பத்திரிக்குத்தான் போனேன். டாக்டர்கிட்ட போகலன்னா முக்கி எடுப்பேன்னுதான் அவன் சொன்னான். அந்த மிரட்டலுக்குக் கேஸ் போடணும்னா போட்டுக்கோங்க."

போட்டி ஒயின் கொட்டகைக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். இன்ஸ்பெக்டர் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்காமலே சாவியைத் தேடிக் கம்பிக் கதவைத் திறந்தார்.

இயா தம்பியை அடித்தாள், பிறகு கட்டிக்கொண்டாள். அவள் விடும்வரை ஒத்தார் காத்திருந்தான்.

"மத்த ரெண்டு தாழி எப்படி இருக்கு?"

"ஒண்ணு தேறும்" என்றான் வாஜா. "இன்னொண்ணைத் திறந்து பாத்தாத்தான் தெரியும்."

"நீ மோந்து பாத்து சொல்லு. நீ சொல்றதுதான். நாளைக்கு வர்றியா?"

"வர்றேன். ஆனா காலங்காத்தால கதவைத் தட்டாதீங்க முதலாளி" என்றான் வாஜா. "நீங்க செத்த நாள்லேர்ந்து நான் தூங்கவே இல்ல."